வாசலைத் தாண்டப் பயம்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போன வாரம் நங்கநல்லூர் திரும்பினேன். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. ஹாரன், தூசி எல்லாமே எரிச்சல். அங்கே பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துத் தினமும் நடப்பேன். இங்கே வாசலைத் தாண்டவே பயமாக இருக்கிறது. வேலைக்கு வரும் பெண்ணிடம்கூட அங்கே எப்படி என்று சொல்லிப் புலம்புகிறேன். பக்கத்து வீட்டில் ‘அமெரிக்கா போய்ட்டு வந்த பவிசு’ என்கிறார்கள். பழையபடி ஆக எத்தனை நாள் பிடிக்கும்? படிக்க ஏதாவது புத்தகம் சொல்வீர்களா?

வி.

அன்புள்ள வி.,

தூக்கம் தானாகச் சரியாகும். இரண்டு ஊருக்கும் வித்தியாசம் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை. உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகர்ந்து கொடுக்கும். அதிலும் கிழக்கே வருவதுதான் கஷ்டம். மதியம் சாப்பிட்டதும் படுக்காதீர்கள், போதும். ஹாரனும் தூசியும் பழகிவிடும். பக்கத்து வீட்டை விடுங்கள்.

ஆனால் அந்த வேலைக்காரப் பெண்ணிடம் ஏன் புலம்புகிறீர்கள்? வருஷம் முழுக்க இதே தெருவில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் ஒதுங்கி ஒதுங்கி உங்கள் வீட்டுக்கு நடந்து வருகிறவர் அவர். நீங்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரிய வேண்டுமா? கோபம் நியாயம்தான், காட்டுகிற இடம் தப்பு.

வாசலைத் தாண்டப் பயம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை. என் அப்பா டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். டொராண்டோவில் அண்ணன் வீட்டில் ஒரு கோடை முழுக்கத் தனியாக நடந்தார், பூங்காவுக்கு, நூலகத்துக்கு. மேற்கு மாம்பலம் திரும்பியதும் நடை நின்றுபோனது. சோம்பல் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஒருநாள் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, பிளாட்பாரத்தின் உயரத்தை அளந்தார். ஒன்பது அங்குலம். நம் வீட்டு மாடிப்படியே ஏழுதான்டா என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். ஏறி நான்கு எட்டு வைத்தால் மின்வாரியப் பெட்டி, அதைச் சுற்ற மறுபடி இறங்க வேண்டும். அப்புறம் வரிசையாக பைக்குகள்.

நடைபாதை 150 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது ஆறு அங்குலத்துக்கு மேல் உயரக் கூடாது, தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும் என்பது சாலைகளுக்கு அளவும் தரமும் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே போக வேண்டும் என்று போட்ட கணக்கு அது. சென்னை மாநகராட்சியும் 2014-லேயே நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்று கொள்கை வகுத்துவிட்டது. முடியாத காரியமும் இல்லை. 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைபாதையைப் போய்ப் பாருங்கள், உங்கள் வயதுப் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து கதை பேசுவார்கள். துணி வாங்க வருகிறவர்களுக்குக் கிடைத்த பிளாட்பாரம் நங்கநல்லூரில் பால் வாங்கப் போகிறவர்களுக்கு ஏன் கூடாது?

எத்தனை நாளில் பழகும் என்று கேட்கிறீர்கள். பழகிவிடுவீர்கள், அதுதான் எனக்குக் கவலை. எங்களுக்கெல்லாம் எப்போதோ பழகிவிட்டது. அந்தப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போகிறோம் என்பதே எங்களுக்குத் தெரிவதில்லை. உங்களுக்கு இந்த மாதம் தெரியும், அடுத்த மாதம் சந்தேகம். அதற்குள் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் வாசலிலிருந்து பால் பூத் வரை அளந்து எழுதிவையுங்கள். மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். துணைக்கு அந்தப் பெண்ணையும் கேளுங்கள், உங்களைவிட அதிகம் சொல்வார்.

புத்தகத்தை அடுத்த கடிதத்தில் பார்க்கலாம். பேரனுக்கு என் ஆசிகள்.