நர்ஸ் சம்பளத்துக்குப் பயந்து மெஷின் வாங்காதீர்கள்

கேள்வி: கிராமங்களில் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை செய்யும் சிறு அறக்கட்டளை எங்களுடையது. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இருக்கிறது. முதல்முறையாக வெளிநாட்டு நிதி வரப்போகிறது. “சம்பளம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மீதிக்குக் கருவி வாங்கிவிடுங்கள். மொத்தத்தில் 10 சதவீதம் கொடுத்தால் ரிப்போர்ட் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார் ஓர் ஆலோசகர். கேட்கலாமா?
– வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்: வேண்டாம். அவர் சொன்னதில் 20 என்ற எண் மட்டும்தான் சரி. வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 சதவீத உச்சவரம்பை 2020-ல் 20 ஆக்கினார்கள். நிர்வாகச் செலவு என்றால் எல்லாச் சம்பளமும் அல்ல. மருத்துவமனை டாக்டர், பள்ளி ஆசிரியர் சம்பளம் போல, அமைப்பின் நோக்கத்துக்காக நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று விதியே உதாரணம் காட்டுகிறது. வீடுவீடாகப் போய் பிபி பார்க்கும் நர்ஸும் இந்த வகைதான். அதே நர்ஸை மாலையில் வவுச்சர் எழுத உட்காரவைத்தால்தான் வம்பு. எனவே பணி ஆணையில் ‘பணியாளர்’ என்று மொட்டையாகப் போடாமல், என்ன வேலை என்று எழுதுங்கள். எந்த ஊருக்கு என்றைக்குப் போனார் என்ற பதிவேடு இருக்கட்டும். இரண்டு வேலையும் பார்க்கிறார் என்றால், சம்பளத்தைப் பிரித்துக் காட்டும்படி ஆடிட்டரிடம் சொல்லுங்கள். கணக்கர், மேலாளர், அலுவலக வாடகை எல்லாம் நிர்வாகம்தான், அங்கே வாதாடாதீர்கள்.

இனி ஆலோசகரின் 10 சதவீதம். ரிப்போர்ட் எழுதும் செலவும் தொழில்முறைக் கட்டணமும் நிர்வாகக் கணக்கில்தான் வரும். எந்த 20-ஐக் காட்டிப் பயமுறுத்துகிறாரோ, அதில் பாதியை அவரே விழுங்கப் பார்க்கிறார்! கருவியை எந்தக் கடையில் வாங்கலாம் என்று கேட்டுப் பாருங்கள், அனேகமாகக் கடைப் பெயரும் தயாராக இருக்கும். இந்த வேலைக்கு இவ்வளவு ரூபாய் என்று பேசுபவரை மட்டும் வையுங்கள். சதவீதம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

குளுக்கோமீட்டர் விலை சொற்பம். பணத்தைத் தின்பது, ரத்தத் துளியை வைத்துப் பார்க்கும் ஸ்ட்ரிப். ஒரு கம்பெனி ஸ்ட்ரிப் இன்னொரு கம்பெனி மெஷினில் வேலை செய்யாது, காலாவதித் தேதியும் உண்டு. கருவி வாங்கிய வருடம் போட்டோ நன்றாக வரும். மறுவருடம் ஸ்ட்ரிப்புக்குக் காசிருக்காது. நிதி உருப்படியாகச் செலவானதா என்பது, முகாமில் கண்டுபிடித்த நோயாளி ஆறு மாதம் கழித்தும் மாத்திரை போடுகிறாரா என்பதில் தெரியும். அதைப் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். மாத்திரையை நீங்கள் வாங்க வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே கொடுக்கிறார்கள். உங்கள் பட்டியலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியவையுங்கள்.

பாதிக் கிராமங்களை வேறு அமைப்பிடம் விட்டு, பணத்தையும் அவர்களுக்கு மாற்றும் யோசனை வந்தால் மறந்துவிடுங்கள், 2020-லிருந்து அது கூடாது. தென்காசியில் பிபி பார்க்க வரும் பணமும் முதலில் டெல்லி நாடாளுமன்றத் தெருவின் ஒரே ஸ்டேட் பாங்க் கிளையில்தான் இறங்க வேண்டும். இதற்கெல்லாம் காரணம் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், யாரும் சொல்லப்போவதில்லை. வெளிநாட்டு நிதிக்கான ஆண்டுக் கணக்குப் படிவமான எஃப்சி-4-ஐ வருடாவருடம் டிசம்பர் 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். நிதியே வராத வருடத்துக்கும் ‘இல்லை’ என்று காட்டித் தாக்கல் செய்தாக வேண்டும். பதிவு வாங்கியதிலிருந்து விட்டிருந்தால், பணம் வருவதற்குள் அதை முடியுங்கள்.