சூடெக்கின் ஜன்னல் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

செக் புகைப்படக் கலைஞர் யோசெஃப் சூடெக் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். விற்கப்படவிருக்கும் எங்கள் பூர்வீக வீட்டையும் கொல்லையையும் சில மாதங்களாகப் படமெடுத்து வருகிறேன். நினைவு போல, கனவு போலத் தோன்ற வேண்டும் என்று கணினியில் மங்கலாக்கினால் எல்லாம் கல்யாண ஆல்பம் போல ஆகிவிடுகிறது. சூடெக்குக்கு மட்டும் அந்தக் கனவு எப்படி வாய்த்தது? ஆறு படங்களை இணைத்துள்ளேன்.

ச.

அன்புள்ள ச.,

சூடெக் எதையும் மங்கலாக்கவில்லை. பிராக் நகரின் மாலா ஸ்த்ரானா பகுதியில், ஒரு முற்றத்துக்குள் இருந்த மரக்கொட்டகைதான் அவருடைய பணிக்கூடம். நாஜிகளின் ஆக்கிரமிப்பில் தெருவில் கேமராவோடு நிற்பதே வில்லங்கமாகிவிட்ட 1940இல் தொடங்கி 1954 வரை, அதன் ஜன்னலை அவர் திரும்பத் திரும்பப் படமெடுத்தார். உள்ளே வெப்பமும் ஈரமும், வெளியே குளிர். ஆகவே கண்ணாடியில் நீர் பூத்தது, வழிந்தது, சில நாட்களில் உறைந்தது. அப்படங்கள் பலவற்றில் கண்ணாடியின் நீர்த்துளிகள் ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போலத் துல்லியமாக இருக்கின்றன. அவற்றுக்கு அப்பால், தோட்டத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கும் மரம்தான் கலங்கித் தெரிகிறது. பக்கத்திலிருப்பது கூர்மையாகவும் நாம் தேடுவது எட்டாமலும் இருக்கிற அந்த நிலையைத்தான் நாம் கனவு என்று உணர்கிறோம் என நினைக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே சீராக மங்கலாக்கும்போது அந்த இடைவெளி போய்விடுகிறது.

இன்னொன்று, 1940 முதல் அவர் பெரும்பாலும் நெகட்டிவைப் பெரிதாக்காமல், அச்சுத்தாளின்மேல் நேரடியாகப் படியவைத்து அதே அளவில் அச்சிட்டார். அதனால் நாம் படத்தை நெருங்கிக் குனிந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் உலகப்போரில், இத்தாலியப் போர்முனையில் அவர் வலது கையை இழந்தார். கற்றிருந்த புத்தக பைண்டிங் தொழிலும் அதோடு போயிற்று. 1926இல் இசைக்கலைஞர்களான நண்பர்களோடு இத்தாலிக்குச் சென்றவர், ஓரிரவு அவர்களிடமிருந்து விலகி, அடிபட்ட இடத்தைத் தேடிப் போனார். வயலும் பண்ணைவீடும் இருந்தன, கை இல்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் பிராகுக்குத் திரும்பச் சுமார் இரண்டு மாதங்கள் ஆயின. தோட்டத்து மரத்தை அந்தக் கையின் குறியீடாக வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பதினான்கு ஆண்டுகள் ஒரு மரத்தைப் பார்த்த மனிதரிடம் மரத்தை மரமாகவே விட்டுவைப்பதுதான் மரியாதை. (குறியீடு கண்டுபிடிப்பதில் நாம் எல்லோரும் கொஞ்சம் அவசரக்காரர்கள்.)

நீங்கள் அனுப்பியவற்றில் ஐந்தைப் பற்றி நீங்களே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். ஆறாவது, கிணற்றடியிலுள்ள துவைகல். கல்லின் நடுவில் தேய்ந்த பள்ளமும், அதில் காய்ந்து வெளுத்த சோப்புக் கறையும், ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஒரு சட்டைப் பொத்தானும் தெளிவாகத் தெரிகின்றன. பின்னால் வீட்டின் கதவு இருப்பது ஊகமாகவே புலப்படுகிறது. அதை மங்கலாக்க மறந்துவிட்டீர்களோ என்னவோ. வீடு கைமாறும் வரை வேறெதையும் எடுக்காமல், காலை, உச்சிவெயில், மழை என்று அந்தக் கல்லடிக்கே போய்வாருங்கள். அந்தப் பொத்தானை மட்டும் நகர்த்த வேண்டாம்.