போர்டு நடுங்குகிறதா, நீங்கள் உட்கார்ந்துவிடுகிறீர்களா?

கேள்வி: இரண்டு சீசன் வாடகை போர்டில் பழகிவிட்டு, போன சீசன் முடிவில் தள்ளுபடியில் ஒரு ஆல்-மவுண்டன் ஃப்ரீஸ்டைல் ஸ்னோபோர்டு வாங்கினேன். நீளம் 158 செ.மீ., வைடு (அகலமான ரகம்), ஃப்ளெக்ஸ் (விறைப்பைக் காட்டும் எண்) 5, பாதத்துக்கு அடியில் கேம்பர் (நடுவில் மேலெழும் வளைவு), இரண்டு முனையிலும் ராக்கர் (முனை மேல்நோக்கி வளைவது). என் எடை 66 கிலோ, பாதம் மோண்டோ 27 (அதாவது 27 செ.மீ.). மென்மையான பனியில் ஒரு குறையும் இல்லை. காலையில் சரிவு இறுகிக் கிடக்கும்போது வேகமாகப் போய்க் குதிகால் பக்கம் திரும்பினால் மட்டும் போர்டு தடதடவென்று நடுங்கி வழுக்குகிறது. விற்றவரிடம் கேட்டால், "இந்த வகை போர்டே அப்படித்தான், மேலே கொஞ்சம் பணம் போட்டு விறைப்பானதாக மாற்றிக்கொள்ளுங்கள்" என்கிறார். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை, அவர் சொல்லும் காரணத்துக்காக மாற்ற வேண்டாம்.

அவர் சொல்வது முழுப் பொய் இல்லை, அதுதான் தொல்லை. ஆல்-மவுண்டன் ஃப்ரீஸ்டைல் என்பது பார்க்கில் (குதிமேடும் சறுக்குக் கம்பியும் வைத்த இடம்) மட்டும் ஓட்டும் வளைந்து கொடுக்கிற போர்டுக்கும், செங்குத்துச் சரிவில் நேராக இறங்கவென்றே செய்த விறைப்பான போர்டுக்கும் நடுவில் நிற்கிற சமரசம். முன்முனையும் பின்முனையும் ஏறக்குறைய ஒரே வடிவம், அதனால் எந்தக் காலை முன்னால் வைத்தாலும் ஓட்டலாம். சமன்செய்த சரிவில் சின்னத் திருப்பமும் நடுத்தரத் திருப்பமும் சந்தோஷமாகப் போடும், ஓரத்து மேட்டில் ஏறித் துள்ளினால் நன்றாக எழும்பும், இறங்கும்போது சின்னப் பிசகை மன்னிக்கும். பதிலுக்கு, பலர் உழுது கலைத்த பனியில் முழு வேகத்தில் போனால் தூக்கித் தூக்கிப் போடும், ஆழமான புதுப்பனியில் முன்முனை புதையாமல் பிடித்துப் பிடித்தே பின்கால் எரியும். இதெல்லாம் தெரிந்தே வாங்க வேண்டிய குணங்கள். எந்த விளம்பரத்திலும் பாருங்கள், பார்க், சரிவு, புதுப்பனி என்று எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் போட்டிருப்பார்கள். எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் வாங்குகிற போர்டை இதுவரை யாரும் செய்ததில்லை.

ஆனால் உங்கள் பிரச்சினைக்கான விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: குதிகால் பக்கம் மட்டும். போர்டுக்குக் குதிகால் பக்கம், விரல் பக்கம் என்று பேதம் கிடையாது. (இரண்டு பக்க வளைவையும் வேறு வேறாக வெட்டிய போர்டுகள் உண்டு, உங்களுடையது அதுவல்ல.) போர்டு மென்மையாக இருப்பதுதான் காரணம் என்றால் விரல் பக்கத் திருப்பத்திலும் அதே மாதிரி நடுங்க வேண்டும். ஒன்றில் நடுங்கி மற்றதில் நடுங்காவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் நிலை, பிறகு பூட்ஸ், பிறகு அகலம், பிறகு விளிம்பு. ஃப்ளெக்ஸ் கடைசி. விற்பவர்கள் மட்டும் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்வார்கள், ஏனென்றால் முழங்காலை மடக்கச் சொன்னால் பில் போட முடியாது. நேராகப் போகும்போது முன்முனை படபடவென்று ஆடுவது வேறு விஷயம். ராக்கர் முனை பனியைத் தொடாமல் தூக்கி நிற்கிறது, அதனால் ஆடுகிறது. பார்க்கப் பயமாக இருக்கும், ஒன்றும் செய்யாது.

குதிகால் பக்கம் திரும்பும்போது பெரும்பாலானவர்கள் நாற்காலியில் உட்காருவதுபோல இடுப்பைப் பின்னால் தள்ளி, கால்களை விறைத்து, நெஞ்சை முன்னால் கவிழ்த்துவிடுகிறார்கள். எடை விளிம்பின் மேல் இல்லாமல் அதற்கு வெளியே போய்விடுகிறது. விளிம்பு ஒரு கணம் பிடிக்கும், தாங்காமல் நழுவும், மறுபடி பிடிக்கும், மறுபடி நழுவும். நீங்கள் நடுக்கம் என்று சொல்வது இதைத்தான். அடுத்த முறை நடுங்கியதும் நின்று, வந்த தடத்தைத் திரும்பிப் பாருங்கள். ஒழுங்கான திருப்பம் கத்தியால் கீறியதுபோல ஒரே மெல்லிய கோடாக இருக்கும். உங்களுடையது ஒரு சாண் அகலத்துக்குச் சுரண்டி, குறுக்கே படிப்படியாக வரி விழுந்து கிடக்கும். அந்த வரிகளைப் பார்த்தபிறகு ஃப்ளெக்ஸ் பற்றி யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

என்ன செய்வது? முதுகு நிமிர்ந்து இருக்கட்டும், முழங்காலும் கணுக்காலும் மடங்கட்டும். முன்தோளைத் திரும்பப் போகும் பக்கமாகத் திறந்து, பார்வையையும் அங்கேயே வையுங்கள். முக்கியமாக, விளிம்பைச் சீக்கிரம் ஏற்றுங்கள். சரிவில் நேராகக் கீழே பார்த்து வேகம் பிடித்தபிறகு, திருப்பத்தின் கடைசிப் பகுதியில் பயந்துபோய் பின்காலை உதைத்துத் தள்ளினால் எந்த போர்டும் நடுங்கும், விறைப்பான போர்டு இன்னும் மோசமாக உதறும். பூட்ஸைப் போர்டோடு பிணைக்கும் பைண்டிங்கின் பின்தாங்கியை ஓரிரு படி முன்னால் சாய்த்தாலும் குதிகால் விளிம்பு சீக்கிரம் கடிக்கும். அதற்குக் காசு கிடையாது, பலரும் அதைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை.

அப்புறம் பூட்ஸ். போர்டுக்கு மாதக்கணக்கில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் பூட்ஸைப் பத்து நிமிடத்தில் வாங்கிவிட்டு வருவது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம். மோண்டோ அளவு என்பது வேறொன்றுமில்லை, உங்கள் பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். கடையில் "கொஞ்சம் தளர்வாக இருந்தால்தான் வசதி" என்று ஒரு அளவு கூட்டிக் கொடுப்பார்கள், நமக்கும் அது சுகமாக இருக்கும், வாங்கிவிடுவோம். வீட்டில் இறுக்கமாகக் கட்டிக்கொண்டு முழங்காலை முன்னால் மடக்கி நில்லுங்கள். நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், மடக்கும்போது கொஞ்சம் விலக வேண்டும், குதிகால் மேலே எழும்பவே கூடாது. அரை விரல் எழும்பினாலும் குதிகால் பக்கம் நீங்கள் கொடுக்கிற அழுத்தம் போர்டுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

இனி அகலம். இங்கேதான் உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், நாசூக்காகச் சொல்ல எனக்கு வரவில்லை. வைடு என்றால் போர்டின் இடுப்பே, அதாவது நடுவில் மிகக் குறுகிய இடமே, பெரும்பாலும் 26 செ.மீ.க்கு மேல் இருக்கும், பைண்டிங் பொருத்தும் இடத்தில் இன்னும் ஒரு செ.மீ. போலக் கூடும். உங்கள் பாதம் 27. பைண்டிங்கைக் கழற்றிவிட்டு, போர்டின் மேல் வெறுங்காலோடு, வழக்கமான கோணத்தில், திருகுத் துளைகளின் மேல் நின்று பாருங்கள். குதிகாலும் விரலும் இரண்டு விளிம்பையும் எட்ட வேண்டும், துளி வெளியே வந்தாலும் நல்லது. உங்களுக்கு ஒரு செ.மீ. அளவுக்கு உள்ளேயே நின்றுவிடும் என்று நினைக்கிறேன். எட்டாத பாதத்தால் அகலமான போர்டைச் சாய்ப்பது மெதுவாகத்தான் நடக்கும், அந்தத் தாமதத்தை ஈடுகட்டத்தான் நீங்கள் இடுப்பை வெளியே தள்ளுகிறீர்கள். 66 கிலோவுக்கு இந்த வகையில் 152 முதல் 155 வரை, சாதாரண அகலமே போதும்.

பிறகு ஏன் 158 வைடு கொடுத்தார்கள்? சீசன் முடிவில் கடையில் மிஞ்சிக் கிடப்பது பெரும்பாலும் விற்பனையில் ஓடாத அளவுகள்தான். எடை அட்டவணையைக் காட்டியிருப்பார், உங்கள் எடை அதில் எங்கோ ஓர் ஓரத்தில் அடங்கியும் இருக்கும், ஏனென்றால் அந்த அட்டவணைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரே ஆளுக்கு நான்கு அளவு பொருந்தும்படிதான் அச்சாகின்றன. ஃப்ளெக்ஸ் எண்ணும் இதே கூத்துதான். ஒன்றிலிருந்து பத்துவரை போடுகிறார்கள், ஆனால் எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான அளவுகோல் என்று ஒன்று கிடையாது. ஒருவருடைய 5 இன்னொருவருடைய 7. பைண்டிங் திருகுத் துளைகளுக்கு 4 செ.மீ., 2 செ.மீ. இடைவெளி என்று பொதுவான அமைப்புகளுக்கு வர முடிந்தவர்களுக்கு, எத்தனை கிலோ வைத்தால் எத்தனை மில்லிமீட்டர் வளைகிறது என்று ஒரு எண்ணை அச்சிட முடியாதா? முடியும். அச்சிட்டால் "இதைவிட விறைப்பானது தருகிறேன்" என்ற பேச்சு எடுபடாது, அவ்வளவுதான்.

வைடு விஷயத்தில் ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், இல்லையென்றால் இதைப் படித்துவிட்டு யாராவது தப்பான போர்டு வாங்குவார். உடல் எடை குறைவு, பாதம் மட்டும் பெரிது என்று சிலர் இருக்கிறார்கள். 60 கிலோ, மோண்டோ 29 என்று வையுங்கள். எடையைப் பார்த்தால் 151 போதும், ஆனால் அந்த நீளத்தில் சாதாரண அகலம் வாங்கினால் பூட்ஸின் நுனி வெளியே துருத்தி, ஆழமாகச் சாயும்போது பனியில் உரசி ஆளையே தூக்கி எறியும். இவர்களுக்கு வைடு அவசியம். ஆனால் வைடு அளவுகள் பல மாடல்களில் 155க்கு மேல்தான் தொடங்குகின்றன, ஆகவே பாதத்துக்குப் பார்த்தால் போர்டு நீளம், எடைக்குப் பார்த்தால் குறுகல். இப்படி மாட்டிக்கொள்பவர்கள், நீளத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டி வடிவமைத்த போர்டுகளைத் தேட வேண்டும். அவற்றை வழக்கமான நீளத்தைவிடச் சில செ.மீ. குறைவாகவே எடுக்கலாம், மிதப்புக்குத் தேவையான பரப்பை அகலம் கொடுத்துவிடும். அது கிடைக்காவிட்டால் இரண்டு காலையும் வெளிப்பக்கமாக 15 பாகை வரை திருப்பி வைத்து, கால்தடம் சிறிதாகச் செய்த பூட்ஸ் போட்டால் கொஞ்சம் சமாளிக்கலாம். அதற்கும் ஒரு எல்லை உண்டு, 18, 21 பாகை என்று இரண்டு காலையும் விரித்துக்கொண்டே போனால் முழங்கால் கேள்வி கேட்கும். நீங்கள் இந்த வகை இல்லை. உங்களுக்கு வைடு விற்றவர் இந்த விதிவிலக்கைத்தான் எல்லோருக்கும் பொது விதியாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

விளிம்பு. விரல் நகத்தின் மேல்பக்கத்தை விளிம்புக்குக் குறுக்காக மெதுவாக இழுங்கள். வெள்ளைப் பொடி சீவி வந்தால் கூர், வழுக்கிப் போனால் மழுங்கல். முனையிலிருந்து முனைவரை நாலைந்து இடத்தில் பாருங்கள், முக்கியமாகப் பாதங்களுக்கு நடுவே. இறுகிய பனிக்கு அடிப்பக்கம் 1 பாகை, பக்கவாட்டில் 1 அல்லது 2 பாகை என்று தீட்டச் சொன்னால் போதும். ஆனால் ஒவ்வொரு மாதமும் "முழு சர்வீஸ்" என்று மெஷினில் கொடுத்து அரைக்க விடாதீர்கள். விளிம்பில் பதித்த இரும்பின் கனமே சுமார் 2 மி.மீ.தான், ஒவ்வோர் அரைப்புக்கும் கொஞ்சம் போய்விடும். கையால் தேய்க்கும் சின்ன அரமும் வைரக்கல்லும் வாங்கிக்கொண்டால் சீசன் முழுக்கப் போதும். அலை அலையாக விளிம்பு வெட்டிய போர்டுகள், லிப் டெக் நிறுவனத்தின் மேக்னி-டிராக்‌ஷன் போல, பனிக்கட்டியில் கூடுதலாகப் பிடிக்கும்தான், ஆனால் மழுங்கிய அலையும் மழுங்கல்தான்.

பழைய போர்டு ஆசை வந்தால் ஒன்று. "இரண்டே முறை ஓட்டியது" என்று சொல்லி விற்பதில் பல, பார்க்கில் கம்பியில் சறுக்கியவை. கம்பியில் சிக்கக் கூடாதென்று விளிம்பை வேண்டுமென்றே உருட்டியிருப்பார்கள், அடிப்பக்கமாக உருட்டிவிட்டால் முழு அடித்தளத்தையும் அரைக்காமல் கூர் வராது. புகைப்படத்தில் அது தெரியாது. சமதரையில் வைத்து நடுவில் இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். கேம்பர் போர்டு தரையோடு படுத்துக் கிடந்தால் அதன் துள்ளல் செத்துவிட்டது என்று அர்த்தம்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: விளிம்பைத் தீட்டுங்கள், பூட்ஸைச் சோதியுங்கள், பின்தாங்கியைச் சாய்த்து, பழகிய சரிவில் மெதுவான வேகத்தில் குதிகால் பக்கத் திருப்பத்தை மட்டும் சில காலைகள் போட்டுப் பாருங்கள். அதற்கிடையில் அதே மாடலில் 154 சாதாரண அகலத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுக்க முடிந்தால் எடுங்கள், ஃப்ளெக்ஸ் மாற வேண்டாம். அதில் நடுக்கம் பாதியாகக் குறைந்தால் அளவுக்கு அளவு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், மேலே ஒரு காசு கொடுக்காதீர்கள். இவ்வளவும் செய்தபிறகு விரல் பக்கமும் சேர்ந்து நடுங்கத் தொடங்கினால் எழுதுங்கள், அப்போது ஃப்ளெக்ஸ் பற்றிப் பேசலாம்.