தோட்டம் கேள்வி-பதில்: எந்த கோன்ஃபிளவர் வாங்கலாம்?

கேள்வி: தேன்கனிக்கோட்டையில் புது வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். வாசல் பக்கம் பத்தடிக்குப் பன்னிரண்டடி இடம் சும்மா கிடக்கிறது. புல்லும் பூவும் கலந்து காற்றில் ஆடுகிற அமெரிக்கப் பிரெய்ரி தோட்டம் மாதிரி வைக்க ஆசை. அதற்குக் கோன்ஃபிளவர்தான் முக்கியம் என்கிறார்கள். ஆன்லைனில் தேடினால் ஆரஞ்சு, பச்சை, அடுக்கிதழ் என்று ஏகப்பட்ட ரகம் வருகிறது. பத்து ரகத்தில் ஒவ்வொரு செடி வாங்கி வைக்கலாமா?
- ஒரு வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: பத்து வேண்டாம் சகோதரி, இரண்டு போதும். நம் பக்கத்துச் சாமந்திக் காட்டை ரோட்டிலிருந்து பார்த்தால் ஏன் கண்ணை எடுக்க முடிவதில்லை? ஒரே பூ திரும்பத் திரும்ப வருவதால்தான். பிரெய்ரி தோட்டத்தின் அழகும் அதேதான், நடுநடுவே புல் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பத்து ரகத்தில் ஒவ்வொன்று வைத்தால் நர்சரியில் விற்பனைக்கு அடுக்கி வைத்த மாதிரி இருக்கும்.

கோன்ஃபிளவர் என்பது எக்கினேசியா, சாமந்தி, சூரியகாந்தி குடும்பம்தான். நடுவில் ஆரஞ்சு நிறத்தில் கூம்பாக எழும்பி நிற்கும் பகுதியை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், சீப்புப் பல் மாதிரி விறைப்பாகக் குத்தும். முள்ளெலிக்கு உரிய கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வந்ததே அதனால்தான். வட அமெரிக்காவில் ஒன்பது, பத்து இனம் உண்டு. உங்களுக்கு வேண்டியது எக்கினேசியா பர்பூரியா என்ற ஊதா இனம் மட்டும். பாலிடா, அங்கஸ்டிஃபோலியா போன்றவை ஆணிவேர் விடுகிறவை, விதை முளைக்க நீண்ட குளிர் கேட்கும், பிடுங்கி நட்டாலும் சுணங்கிப் போகும். பர்பூரியாவுக்குச் சல்லி வேர், நாற்று விட்டு நடலாம்.

அதில் என் முதல் தேர்வு 'மேக்னஸ்'. ஸ்வீடனில் தேர்ந்தெடுத்த ரகம், 1998-இல் அமெரிக்காவின் பல்லாண்டுச் செடிகள் சங்கம் அந்த ஆண்டின் சிறந்த செடியாக இதை அறிவித்தது. மற்றவை பலவற்றில் இதழ் கீழே தொங்கும், இதில் தட்டையாக விரிந்து நிற்கும். மூன்றடி வளரும். கூடவே வெள்ளைக்கு 'ஒயிட் ஸ்வான்', அதைவிடக் கொஞ்சம் குட்டை. இரண்டுமே விதையில் வருபவை. உங்கள் வாசல் ரொம்பக் காற்றடிக்கிற இடம் என்றால் மேக்னஸுக்குப் பதில் இரண்டடிக்குள் நிற்கும் 'பவ்வாவ் ஒயில்டு பெரி' போடுங்கள். ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் கட்டாயம் வேண்டும் என்றால் 'செயன் ஸ்பிரிட்', விதையிலிருந்தே அத்தனை நிறமும் கலந்து வரும். மற்ற ஆரஞ்சு ரகங்கள் பெரும்பாலும் பாரடாக்ஸா என்ற மஞ்சள் இனத்தோடு கலப்புச் செய்து உண்டாக்கியவை, திசு வளர்ப்புச் செடியாக வரும், விலையும் அதிகம், ஆயுளும் நம்ப முடியாது. அடுக்கிதழ் ரகம் வேண்டவே வேண்டாம் என்பேன். பார்க்கப் பந்து மாதிரி இருக்கும், ஆனால் தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் அதில் உருப்படியாக ஒன்றும் கிடைக்காது. பூச்சி வராத பிரெய்ரி எதற்கு?

இனி யாரும் சொல்லாத ஒரு விஷயம். ஓசூர் பக்கம் பசுமைக்குடிலில் சாமந்தி போடுகிறவர்கள் ராத்திரியில் பல்பு எரியவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். சாமந்தி அவசரப்பட்டு மொட்டு வைக்கக்கூடாது என்பதற்காக அது. எக்கினேசியா நேர் தலைகீழ். பகல் 13, 14 மணி நேரமாவது இருந்தால்தான் நன்றாக மொட்டு விடும். நம் பக்கம் ஜூன் மாதத்தில்கூட பகல் 12 மணி 50 நிமிடத்தைச் சுற்றித்தான். அதனால்தான் பலருக்கு இலை தழைத்துக்கொண்டே இருக்கும், பூ மட்டும் வராது, உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் கொட்டுவார்கள். உங்களுக்கு வாசல் பக்கம் இடம் இருப்பது நல்லதாகப் போயிற்று. பிப்ரவரி கடைசியிலிருந்து அந்தப் பாத்தி மேல் விழும்படி ஒரு எல்இடி பல்பைப் பொழுது சாய்வதற்கு முன்பே போட்டு ஒன்பது மணிவரை எரியவிடுங்கள், போதும்.

விதையை ஈரத் துணியில் சுற்றிக் கவரில் போட்டு மூன்று, நான்கு வாரம் ஃபிரிட்ஜில் (ஃபிரீசரில் அல்ல) வைத்துவிட்டு ஜூலை, ஆகஸ்டில் நாற்று விடுங்கள். மார்கழி, தை குளிரைச் செடி தரையோடு இலை விரித்த நிலையில் தாண்ட வேண்டும், உங்கள் ஊர்க் குளிர் அதற்கு நல்லது. ஒன்றரை அடிக்கு ஒரு செடி. முதல் முறை நான் ரோஜாவுக்குப் போடுகிற மாதிரி தொழு உரத்தை அள்ளிப் போட்டு, சொட்டுநீர்க் குழாயைத் தண்டுக்குப் பக்கத்திலேயே விட்டேன். ஐப்பசி மழையோடு பாதிச் செடி சாய்ந்தது. ஒன்றைப் பிடித்து இழுத்தபோது வேர் மண்ணிலேயே நின்றுவிட்டது, பழுப்பேறிக் குழகுழவென்று கழுத்து மட்டும் கையோடு வந்தது. அடுத்த முறை பாத்தியை முக்கால் அடி உயர்த்தி, செம்மண்ணோடு சரளை கலந்து, உரம் கிட்டத்தட்ட இல்லாமலே வைத்தேன், ஒன்றுகூட அழுகவில்லை.

புல்லுக்கு வெளிநாட்டுச் செடி தேட வேண்டாம். எலுமிச்சைப்புல் நாலைந்து தூர், இடையிடையே தினை. தினை மூன்று மாதப் பயிர், கதிர் முற்றித் தலைசாயும்போது ஊதாப் பூக்களுக்கு நடுவில் அது அசைவதை ஒருமுறை பார்த்தால் அப்புறம் விடமாட்டீர்கள். குருவியும் வரும். உங்கள் 120 சதுர அடிக்கு மேக்னஸ் 15, ஒயிட் ஸ்வான் 7 போதும், மீதி இடம் புல்லுக்கு.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: எள்ளில் பூவெல்லாம் பச்சை இலையாக மாறிவிடுமே, கத்தரியில் சிற்றிலை வருமே, அதே வகை நோய் இதற்கும் உண்டு, தத்துப்பூச்சி பரப்புவது. பூவுக்குள்ளிருந்து பச்சைக் கொத்து கிளம்பினால் மருந்து தேடாதீர்கள், வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள்.

கேள்வி: எக்கினேசியா சளிக்கு மருந்தாமே, வீட்டில் வளர்த்துக் கஷாயம் வைக்கலாமா?
- ஒரு வாசகர், பாப்பாரப்பட்டி

பதில்: வேண்டாம் ஐயா. அமெரிக்கப் பழங்குடிகள் மருந்தாகப் பயன்படுத்தியது உண்மை, ஆனால் சளியைக் குணப்படுத்தும் என்று உறுதியாக நிரூபணமாகவில்லை. சாமந்திக் குடும்பப் பூக்கள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒவ்வாமையும் வரலாம். பூவுக்காக வளருங்கள்.

கேள்வி: தருமபுரி டவுனில் மொட்டை வெயில். இங்கே கோன்ஃபிளவர் தாங்குமா?
- ஒரு வாசகி, தருமபுரி

பதில்: காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கம் இருந்தால் நாலு செடி வைத்துப் பாருங்கள். மொட்டை வெயில்தான் கதி என்றால் கெய்லார்டியா போடுங்கள். சிவப்பும் மஞ்சளுமாக வட்டம் போட்ட பூ, அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். சித்திரை வெயிலுக்கும் அசராது, பல்பும் தேவையில்லை. விதை விழுந்து தானே முளைத்துக்கொள்ளும், வாடிய பூவை மட்டும் வாரம் ஒருமுறை கிள்ளிக்கொண்டே இருங்கள்.