யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க், லினக்ஸில் நொடிக்கு 35 எம்பியைத் தாண்டவில்லை: பதில்

டிஸ்க் பெரும்பாலும் யுஎஸ்பி 2 வேகத்தில்தான் இணைந்திருக்கிறது. பெரிய வீடியோ ஃபைலை காப்பி செய்தாலும் 35லேயே நிற்கிறது என்கிறீர்களே, யுஎஸ்பி 2இன் நடைமுறை வேகமே 30 முதல் 40 வரைதான்.

டெர்மினலில் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை டி ஆப்ஷனோடு (lsusb -t) ஓட்டுங்கள், யுஎஸ்பியில் இணைந்த சாதனங்களைக் காட்டும். டிஸ்க் இருக்கும் வரியின் கடைசியில் 5000எம் (நொடிக்கு 5000 மெகாபிட், யுஎஸ்பி 3 வேகம்) என்று வர வேண்டும், 480எம் (யுஎஸ்பி 2) என்றிருந்தால் இதுதான் சிக்கல்.

அப்படியானால் முதலில் கேபிளைப் பாருங்கள். டிஸ்க்கில் இருப்பது இரண்டு பகுதியாகப் பிரிந்த அகலமான சாக்கெட் என்றால், அதன் பெரிய பாதியில் பழைய போன் சார்ஜர் கேபிள் அப்படியே பொருந்திவிடும், டிஸ்க்கும் வேலை செய்யும், ஆனால் யுஎஸ்பி 2 வேகத்தில் மட்டும். சரியான கேபிள்தான் என்றால் ஹப் இல்லாமல் நேராக வேறு போர்ட்டில் சட்டென்று செருகிப் பாருங்கள். மெதுவாகச் செருகினால் சில நேரம் யுஎஸ்பி 2ஆகவே இணைந்துவிடும் (கேட்க வேடிக்கையாக இருக்கும், உண்மைதான்).

5000எம் என்றே காட்டியும் வேகம் இல்லையா? டிஸ்க்கில் இருப்பது என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபைல் அமைப்பு) பார்ட்டிஷன் என்றால், காப்பி ஓடும்போது டாப் (top) கட்டளையில், அதை லினக்ஸில் படிக்க, எழுத உதவும் என்டிஎஃப்எஸ்-3ஜி (ntfs-3g) எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று கவனியுங்கள், மிக அதிகமாக எடுத்தால் தடை அங்கேதான் இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையில் ஐ/ஓ எரர் (டிஸ்க்கில் படிக்க, எழுத முடியாத பிழை) தென்பட்டால் வேகத்தை விடுங்கள், முக்கியமான ஃபைல்களை உடனே வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, அப்புறம் ஸ்மார்ட் (SMART) அறிக்கையை, அதாவது டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே தரும் அறிக்கையை, எடுத்து இங்கே போடுங்கள், பார்க்கலாம்.