பாட்டியின் மறதியும் பேத்தியின் வாய்ப்பாடும்

அன்புள்ள ஐயா,

என் அம்மைக்கு எழுபது வயது கடந்தபின் அல்சைமர் நோய் என்று நாகர்கோவிலில் மருத்துவர் உறுதிசெய்தார். அம்மையின் தாயாரும் கடைசிக் காலத்தில் அறளை பெயர்ந்து போனவர்தான். நான்காம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு வாய்ப்பாடு நினைவில் நிற்பதில்லை. குடும்ப நோய் இப்போதே தலைகாட்டுகிறதா? அவளுக்கு மரபணுச் சோதனை செய்யலாமா?

வாசகி, தக்கலை

அன்புள்ள வாசகிக்கு,

வாய்ப்பாடு மறப்பது உங்கள் அம்மையின் நோயின் தொடக்கம் அல்ல. இதைத் தயக்கமின்றிச் சொல்கிறேன்.

முதுமையில் வரும் அல்சைமருடன் மிகுதியாகத் தொடர்புபடுத்தப்படுவது ஏபிஓஇ மரபணுவின் இ4 வகை. இத்தொடர்பு 1993இல் வெளிப்பட்டது. அதைச் சுமந்தும் தெளிந்த நினைவோடு முதுமையைக் கடப்பவர்கள் உண்டு. அது இல்லாமலே நோயுற்றவர்களும் உண்டு. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் சரிபாதி வாய்ப்போடு இறங்கும் வகை மிக அரிது. அது பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே தொடங்கிவிடும் என்பதால் உங்கள் குடும்பக் கதை அதைப்போலத் தோன்றவில்லை.

உங்கள் கேள்விக்கு மிக அருகில் வருவது ஸ்காட்லாந்தில் நடந்த ஆய்வு. அங்கே 1921இல் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ 87,000 பேருக்கு 1932 ஜூன் 1 அன்று ஒரே சிந்தனைத்திறன் தேர்வு வைத்தார்கள். அவர்களில் சிலரை எண்பது வயதையொட்டி மீண்டும் சோதித்த ஆய்வாளர் இயன் டியரி குழுவினர், இ4 உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பதினோரு வயதில் வேறுபாடே இல்லை என்றும், முதுமையில்தான் அது புலப்பட்டது என்றும் 2002இல் எழுதினார்கள். பல மரபணுக்களைச் சேர்த்துக் கணக்கிட்ட வேறு ஆய்வுகளில் சிறுவயதிலேயே நுண்ணிய வேறுபாடுகள் தென்பட்டதுண்டு. ஆனால் அவை ஆயிரக்கணக்கானோரின் சராசரியில் மட்டுமே தெரிபவை, ஒரு குழந்தையின் கணக்கு நோட்டைப் பார்த்து அறியக்கூடியவை அல்ல.

சோதனை வேண்டாம். குழந்தைப் பருவத்தில் தடுக்கவோ குணப்படுத்தவோ இயலாத முதுமை நோய்க்குச் சிறுவர்களைச் சோதிப்பதை மரபியல் மருத்துவர்கள் பொதுவாக ஏற்பதில்லை. வளர்ந்தபின் அவளே முடிவுசெய்ய வேண்டியது அது. இப்போது அவளுடைய பார்வையையும் கேட்கும் திறனையும் சோதியுங்கள். கணக்கு தொடர்ந்து கடினமாக இருந்தால், கற்றல் குறைபாடு உள்ளதா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். முதுமை மறதிநோய்க்கு இட்டுச்செல்பவற்றில் நம்மால் மாற்றக்கூடிய காரணிகளாக லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் குறிப்பிட்ட பதினான்கில் இளமைக் கல்விக் குறைவும் ஒன்று. உயர் இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் அதே பட்டியலில் உள்ளன, அவ்விரண்டையும் சோதித்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. “நீயும் பாட்டி மாதிரிதான்” என்ற பேச்சு வீட்டில் எவர் வாயிலிருந்தும் அவள் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.