பதவி ஏலம்: பணம் கோயிலுக்குப் போனாலும் லஞ்சம்தான்

கேள்வி: எங்களுடையது உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். வரப்போகும் தேர்தலுக்காக ஊராட்சித் தலைவர் பதவியை மந்தையில் வைத்து ஏலம் விட்டுவிட்டார்கள். 14 லட்சத்துக்குக் கேட்டவர் கோயில் திருப்பணிக்கு முன்பணமும் கட்டிவிட்டார். வேறு யாராவது மனுப் போட்டால் ஊரை விட்டுத் தள்ளி வைப்பார்களாம். என் தங்கை நிற்க விரும்புகிறாள். "பணம் யார் பைக்கும் போகலையே, சாமிக்குத்தானே" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: தங்கை தாராளமாக நிற்கட்டும். ஊர் கூடிப் பேசி, பணம் கைமாறாமல், மிரட்டல் இல்லாமல் ஒருவரைப் போட்டியின்றித் தேர்ந்தெடுத்தால் அது குற்றமில்லை. உங்கள் ஊரில் நடந்தது அதுவல்ல.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 169ஆவது பிரிவில் 'தேர்தல் உரிமை' என்பதற்குள் ஓட்டுப் போடுவதோடு, வேட்பாளராக நிற்பது, நிற்காமல் இருப்பது, மனுவை வாபஸ் வாங்குவது எல்லாம் அடங்கும். ஒருவரை அந்த உரிமையில் இப்படி நட, அப்படி நட என்று தூண்டுவதற்காக 'எந்த நபருக்கு'ப் பணம் கொடுத்தாலும் 170ஆவது பிரிவுப்படி லஞ்சம். நபர் என்றால் சங்கம், கமிட்டி எல்லாம் சேர்த்தி. அதனால் கோயில் கமிட்டி வாங்கியது என்ற சமாதானம் நிற்காது. தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தள்ளி வைப்போம் என்பதும், சாமி குத்தம் வரும் என்று பயமுறுத்துவதும் 171ஆவது பிரிவில் தனிக் குற்றம். "ஜெயித்தால் ரோடு போடுவேன்" என்று வாக்குறுதி தருவது மட்டும் குற்றமாகாது. 2019 ஊரகத் தேர்தலில் தலைவர் வேட்பாளருக்கு அனுமதித்த செலவே 34,000 ரூபாய்தான். 14 லட்சம் கொடுத்துப் பதவிக்கு வருகிறவர் அதை எங்கிருந்து எடுப்பார் என்பதை ஊர்தான் யோசிக்க வேண்டும்.

பலர் சறுக்குவது புகாரில்தான். இந்த லஞ்சக் குற்றம் போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போடக்கூடிய வகை அல்ல. மாஜிஸ்திரேட் அனுமதி வாங்காமல் போட்டால், பிறகு அந்த ஓட்டையைக் காட்டியே வழக்கை உடைத்துவிடுவார்கள். ஸ்டேஷனில் மனு ரசீது வாங்கிக்கொண்டு, மாஜிஸ்திரேட்டின் உத்தரவு கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே அவரிடம் தனிப்புகார் தாக்கல் செய்யலாம். காலவரம்பு ஓராண்டு. அதோடு மாவட்டத் தேர்தல் அதிகாரியான கலெக்டருக்கும், மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். தேர்தல் விதிமீறலைப் புகார் செய்யும் சி-விஜில் செயலி இங்கே உதவாது; அது இந்தியத் தேர்தல் ஆணையத்துடையது, ஊராட்சித் தேர்தல் அதன் கையில் இல்லை.

உங்கள் தங்கை பட்டியல் சாதியைச் சேர்ந்தவரானால், பதவி இட ஒதுக்கீட்டில் வந்தாலும் வராவிட்டாலும், பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராதவர்கள் மனுப் போடாதே, வாபஸ் வாங்கு என்று மிரட்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(எல்) பிரிவில் வரும். குறைந்தது 6 மாதம், 5 ஆண்டு வரை சிறை. இங்கே போலீஸ் உடனே எஃப்ஐஆர் போட்டாக வேண்டும். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் ஊர்க்கட்டுப்பாட்டால் முடங்கிக் கிடந்த தலைவர் தேர்தல் 2006இல்தான் முறையாக நடந்தது. நம் பக்கத்தில் அதை யாரும் மறந்துவிடக் கூடாது.

சாட்சியத்தில் கவனம் வையுங்கள். ஏல நோட்டில் பெயரும் தொகையும் எழுதிய பக்கம், முன்பணத்துக்குக் கொடுத்த கோயில் ரசீது, தண்டோரா போட்ட ஆடியோ, மந்தையில் எடுத்த வீடியோ எல்லாம் வேண்டும். வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். எடுத்த செல்போன் அப்படியே பத்திரமாக இருக்கட்டும். சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவில் மின்னணுப் பதிவுக்குக் கேட்கும் சான்றிதழ் இல்லாமல் அந்த நகலை நீதிமன்றம் ஏற்காது.

மனுப் போடும்போது முன்மொழிபவரைத்தான் முதலில் மடக்குவார்கள். உறுதியாக நிற்கக்கூடிய ஒருவரைப் பிடியுங்கள். வெற்றுத்தாளில் தங்கை கையெழுத்துப் போடவே கூடாது. அதுவே நாளைக்கு வாபஸ் கடிதமாகிவிடும்.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தேர்தலை நிறுத்தச் சொல்லி ரிட் போட்டால், ஊராட்சித் தேர்தலில் நீதிமன்றம் தலையிடுவதைத் தடுக்கும் அரசமைப்பின் 243-ஓ குறுக்கே நிற்கும். உங்கள் மனுக்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். ஏலம் எடுத்தவர் எப்படியோ தேர்வாகிவிட்டால், முடிவு வெளியான நாளிலிருந்து 45 நாளுக்குள் மாவட்ட நீதிபதி முன் தேர்தல் வழக்குத் தாக்கல் செய்யுங்கள். வேட்பாளர் மட்டுமல்ல, வாக்காளரும் போடலாம். அதனால் தங்கை தயங்கினாலும் நீங்களே போட முடியும்.